பெரியப்பாக்களுக்கான பொறியியல் கல்லூரிக் கையேடு

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. தம்பி மகனுக்குக் கட்-ஆஃப் 172. கணக்கு மார்க் 100க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் ஒவ்வொன்றும் பாதியாய் 50க்கு, ஆக மொத்தம் 200 என்கிற கணக்கு உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நுழைவுத் தேர்வு என்று ஒன்று இருந்தது, அதை 2007இல் எடுத்துவிட்டார்கள், அதோடு படிப்பின் மரியாதையும் போயிற்று என்று ஒரு மணி நேரம் பேசத் தெரிந்தால் போதும். பையன் கேட்டுக்கொண்டிருப்பான். சோபாவில் உங்களுக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் வேறு என்ன செய்வான்?

இந்தக் கையேடு மாணவர்களுக்கானது அல்ல. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களுக்கானது. அதாவது பெரியப்பா, தாய்மாமன், அப்பாவின் ஆபீஸ் நண்பர், மாடி வீட்டு ரிட்டயர்டு எச்.எம்., டெக்சாஸில் இருப்பதாலேயே எல்லாம் தெரிந்துவிட்ட ஒன்றுவிட்ட அண்ணன் ஆகியோருக்கு. பெரியப்பாதான் இவர்களில் மூத்தவர் என்பதால் அவரை முன்னிறுத்தியே எழுதுகிறேன். மற்றவர்கள் தங்கள் உறவுமுறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளவும்.

முதல் வேலை, இலக்கை நிர்ணயிப்பது. பையனுடைய இலக்கு என்று தவறாக எண்ணிவிட வேண்டாம். "நீ என்னப்பா ஆகணும்னு நெனக்கிறே?" என்று ஒரு மரியாதைக்குக் கேட்கலாம். பதில் வருவதற்குள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட வேண்டும். அவன் ஸ்கூல் விட்டதும் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் உட்கார்ந்து, கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டிக் கையெல்லாம் கிரீஸாக வீட்டுக்கு வருகிறவன் என்பது ஊருக்கே தெரியும். அந்த விஷயத்துக்கும் பொறியியலுக்கும் என்ன சம்பந்தம்? அவன் தப்பித்தவறி "மெக்கானிக்கல்" என்று வாயைத் திறந்தால், "இப்பல்லாம் மெக்கானிக்கல்ல எவன்டா சேர்றான்?" என்று அந்த இடத்திலேயே முடித்து வையுங்கள்.

இதே நீங்கள், 2002 வாக்கில் அமெரிக்க டாட்காம் கம்பெனிகள் வரிசையாக மூடிய நேரத்தில், "கம்ப்யூட்டர்லாம் காத்துல போற சமாச்சாரம், மெக்கானிக்கல்தான்டா நிரந்தரம்" என்று உங்கள் தங்கை மகனை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தீர்கள். அவன் படித்து வெளியே வந்த 2006இல் சென்னை ஓ.எம்.ஆர். முழுக்க ஐ.டி. கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன, மெக்கானிக்கல்காரனையும் அள்ளிப் போட்டுக்கொண்டார்கள். ஆகவே உங்கள் ஆலோசனை தவறவில்லை. பொறியியல் நான்கு வருஷப் படிப்பு. இன்றைக்கு எதற்குக் கிராக்கி என்று பார்த்துச் சேர்த்தால் நான்கு வருஷம் கழித்து எது இருக்கும் என்பது சேர்த்தவருக்கும் தெரியாது, சேர்ந்தவனுக்கும் தெரியாது. ஆனால் சேர்த்தவருக்கு அதற்குள் வயது எழுபது தாண்டியிருக்கும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

சரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று முடிவாகிவிட்டது. இப்போது பெயர் நீளமாக இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் சி.எஸ்.இ. என்றால் சொந்தக்காரர்களிடம் சொல்லச் சப்பென்றிருக்கும். செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், சி.எஸ்.இ. அடைப்புக்குறிக்குள் சைபர் செக்யூரிட்டி, சி.எஸ்.இ. அடைப்புக்குறிக்குள் இன்டர்நெட் ஆஃப் திங்ஸ் என்று விதவிதமாக இருக்கின்றன. ஒரு பாடப்பிரிவில் இத்தனை பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்றிருந்த உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ 2024-25இலிருந்து, வசதியும் தரமும் உள்ள கல்லூரிகளுக்கு நீக்கிவிட்டது. அதனால் சிவில் வகுப்பறையின் போர்டைக் கழற்றிவிட்டு அங்கேயே கம்ப்யூட்டர் பிரிவு ஒன்று கூடுதலாக உட்கார்ந்திருப்பதைப் பல இடங்களில் காணலாம். கம்ப்யூட்டர் பாடம் நடத்த ஆள் எங்கிருந்து வந்தார்கள் என்றெல்லாம் ஆராய வேண்டாம். போன வருஷம் பாலம் கட்டுவது எப்படி என்று நடத்தியவர் இந்த வருஷம் பைத்தான் நடத்தினால் அது அவருடைய பன்முகத் திறமை.

புதுப் பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்று பையன் கேட்டால், நுழைவாயிலில் "என்பிஏ அங்கீகாரம் பெற்றது" என்று தங்க எழுத்தில் பொறித்திருப்பதைக் காட்டுங்கள். என்பிஏ என்பது கல்லூரிக்குத் தரப்படுவதல்ல, ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனியாகத் தரப்படுவது. ஏழு பிரிவில் இரண்டுக்கு வாங்கிவிட்டு ஏழுக்கும் சேர்த்து வளைவு கட்டலாம். தவிர, ஒரு பிரிவில் இரண்டு செட் மாணவர்களாவது படித்து முடித்து வெளியேறிய பிறகுதான் என்பிஏ அந்தப் பிரிவின் பக்கம் திரும்பியே பார்க்கும். போன வருஷம் ஆரம்பித்த பிரிவுக்கு அது இருக்கவே வாய்ப்பில்லை. இந்தச் சிறு விவரம் உங்களோடு இருக்கட்டும். நாக் என்பது வேறு, மொத்த நிறுவனத்துக்கான தரச்சான்று. இரண்டையும் குழப்பிக்கொள்வது பெரியப்பாக்களின் உரிமை.

கல்லூரியை நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்று பையன் அடம் பிடித்தால் அழைத்துப் போங்கள், ஞாயிற்றுக்கிழமையில். அன்றைக்குத்தான் கட்டடம் மட்டும் தெரியும். வளைவு எவ்வளவு உயரம், நீரூற்று ஓடுகிறதா, நிறுவனருடைய தாயாருக்குச் சிலை இருக்கிறதா, ஆபீஸில் ஏ.சி. உண்டா, மோர் கொடுத்தார்களா என்று கவனியுங்கள். வேலை நாளில் மத்தியானம் மூன்று மணிக்குப் போய் லேபில் மிஷின் ஓடுகிறதா, லைப்ரரியில் ஆள் இருக்கிறார்களா என்று பார்ப்பதும், காம்பவுண்டுக்கு வெளியே டீக்கடையில் நிற்கும் மூன்றாம் வருஷப் பையனிடம் "தம்பி, உங்களுக்கு மேத்ஸ் எடுத்த சார் இப்பவும் இருக்காரா?" என்று கேட்பதும் கூடவே கூடாது. அந்தப் பையன் உண்மையைச் சொல்லிவிடுவான். டீக்காசு மிச்சம்.

ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்பது கொஞ்சம் தத்துவார்த்தமான கேள்வி. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு விவகாரத்தை வெளியே கொண்டுவந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் 350க்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தார்கள் என்றது. பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது. ஆய்வுக் குழு வரும் நாளில் மட்டும் பேராசிரியர்கள் பஸ்ஸில் வந்து இறங்குவது பற்றி மாணவர்கள் ஹாஸ்டலில் பல காலமாகச் சொல்லிச் சிரித்த கதைதான் அது. செய்தித்தாளில் வந்தபோதுதான் பெரியவர்களுக்கு அதிர்ச்சியாக இருந்தது. நீங்கள் அதிர்ச்சியடைய வேண்டாம். இத்தனை கல்லூரிகள் ஒரே ஆளை விரும்புகின்றன என்றால் அவர் எப்பேர்ப்பட்ட ஆசிரியராக இருக்க வேண்டும்!

நிஜமாகவே பணியில் இருக்கும் ஆசிரியரைப் பார்க்க நீங்கள் கல்லூரிக்குப் போகவும் வேண்டாம். ஏப்ரல், மே வெயிலில் அவரே உங்கள் வீட்டுக்கு வருவார். கையில் கலர் புத்தகம், கழுத்தில் அடையாள அட்டை, கக்கத்தில் ஹெல்மெட். மார்க்கெட்டிங் ஆள் என்று நினைத்து வாசலிலேயே நிறுத்திவிடாதீர்கள். உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுங்கள், அவர் எம்.இ. முடித்த உதவிப் பேராசிரியர். இத்தனை பேரைச் சேர்த்தால்தான் விடுமுறைச் சம்பளம் என்று அவருக்கு டார்கெட் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஓர் இடத்தில் மட்டும் கையேட்டை மூடிவைத்துவிட்டு யோசிக்கிறேன்: ஒரு கல்லூரி தன் ஆசிரியரை எப்படி நடத்துகிறது என்பது அந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் அச்சாகாது, வாசலில் வியர்வையோடு நிற்கிற மனிதரிலேயே தெரிந்துவிடும். சரி, மறுபடி வேலைக்கு வருவோம்.

பிளேஸ்மென்ட். கையேட்டின் உயிர்நாடி இது. ஃபிளெக்ஸ் போர்டு ஒன்றே போதும். கோட் போட்ட நாற்பது பிள்ளைகள், ஒவ்வொருவருக்கும் கீழே ஒரு கம்பெனியின் பெயர். ஒரே பையன் மூன்று இடத்தில் சிரித்தால் அவனுக்கு மூன்று கம்பெனியில் ஆஃபர் வந்திருக்கிறது. போர்டின் கணக்கில் அது மூன்று வேலை. அவன் ஏதாவது ஒன்றில்தான் சேர முடியும் என்பது அவன் பிரச்சினை. "100% பிளேஸ்மென்ட்" என்று போட்டிருந்தால், எந்த நூறு என்று கேட்பது பண்பாகாது. வகுப்பில் அறுபது பேர் என்று வையுங்கள். அரியர் வைத்திருப்பவர்களைக் கழியுங்கள். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டிலோ அறுபது சதவீதத்துக்குக் கீழே வாங்கியவர்களைக் கழியுங்கள், அவர்கள் தகுதி இல்லாதவர்கள். "எனக்கு கேம்பஸ் வேலையில் விருப்பமில்லை" என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி, எழுதிக் கொடுத்தவர்களையும் கழியுங்கள். மிச்சம் இருபத்திரண்டு பேர். இருபத்திரண்டு பேருக்கும் வேலை கிடைத்தால் நூறு சதவீதம் இல்லாமல் வேறென்ன?

"உச்சபட்ச சம்பளம் 40 லட்சம்" என்ற வரியை வாட்ஸ்அப்பில் குடும்ப குரூப்புக்கு அனுப்புங்கள். ஒரே ஒரு பையன் வாங்கியது அது. அவன் கல்லூரி தந்த பாடத்தைவிட ராத்திரி தானாக உட்கார்ந்து எழுதிய புரோகிராம்களால் வாங்கியிருப்பான். பார்க்க வேண்டியது இடைநிலைச் சம்பளத்தை. வேலை கிடைத்த எல்லோரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நட்டநடுவில் நிற்கிறவன் வாங்குவது எவ்வளவோ அதை. இந்தத் தகவல் ரகசியமும் அல்ல. 2016 முதல் வெளியாகும் மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசையில் கலந்துகொள்ளும் கல்லூரி, எத்தனை பேர் சேர்ந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் நான்கு வருஷத்திலேயே முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேல்படிப்புக்குப் போனார்கள் என்று வருஷவாரியாகத் தருகிறது. அதைத் தன் இணையதளத்திலும் போட்டு வைக்க வேண்டும். கல்லூரியே கொடுத்த கணக்குதான் என்றாலும் ஃபிளெக்ஸ் போர்டுக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இணையதளத்தின் அடியில், பொடி எழுத்தில், பிடிஎஃப் ஆக இருக்கும். பெரியப்பாக்கள் அந்தப் பக்கம் மறந்தும் போகக் கூடாது. நாற்பது லட்சம் அங்கேதான் மூன்று சொச்சம் லட்சமாகக் கரைகிறது.

அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டர் தேர்வு முடிந்ததும் எந்த இணைப்புக் கல்லூரியில் எத்தனை சதவீதம் பாஸ் என்று வெளியிடுவதும் இதே ரகம். அந்தப் பட்டியலின் அடியில் கிடக்கும் கல்லூரிகளுக்குத்தான் பெரும்பாலும் நீரூற்று பெரிதாக இருக்கும் என்பது என் அனுபவக் கணிப்பு. யாரும் ஆராய்ச்சி செய்யவில்லை. ஆட்டானமஸ் கல்லூரி என்றால் இந்தத் தொந்தரவும் இல்லை. கேள்வித்தாளும் அவர்களுடையது, திருத்துவதும் அவர்கள், பட்டம் மட்டும் அண்ணா பல்கலைக்கழகத்துடையது. நல்ல கல்லூரி அந்தச் சுதந்திரத்தை வைத்துப் பாடத்திட்டத்தைப் புதுப்பிக்கும். மற்றது பாஸ் சதவீதத்தைப் புதுப்பிக்கும்.

பணத்துக்கு வருவோம். நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆகவே அதை யாரும் நன்கொடை என்று சொல்வதில்லை. வளர்ச்சி நிதி, கட்டட நிதி, "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் சார்" என்று பல திருநாமங்கள். ரிசல்ட்டுக்கு முன்பே, ஜனவரியிலேயே, ஒரு மேனேஜ்மென்ட் சீட்டை முன்பணம் கட்டிப் பிடித்துவைப்பது பெரியப்பாவின் செல்வாக்குக்கு அழகு. "நம்ம ஆளு ஒருத்தர் அங்க டிரஸ்டி" என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. அதற்கு ஒரு சின்ன விலை உண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அரசு தரும் கல்விக் கட்டணச் சலுகை, அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் கிடையாது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பிள்ளை என்றால் இன்னும் மோசம். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டிவிடும். அப்புறம் பெரியப்பாவிடம் யார் கடன் கேட்பார்கள்?

கட்டிய பிறகு மனம் மாறினால்? அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது, காலக்கெடுவுக்குள் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசியும் ஏஐசிடிஇயும் எழுதி வைத்திருக்கின்றன. கவுன்டரில் உள்ளவர் அதைப் படித்திருக்க மாட்டார். நீங்களும் படிக்காதிருந்தால் உரையாடல் சுமுகமாக நடக்கும்.

பெண் பிள்ளை என்றால் இந்தக் கையேட்டில் பாதி தேவைப்படாது. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பஸ் வீட்டு வாசலுக்கு வருமா? 190 கட்-ஆஃப் வாங்கி, கிண்டியிலோ கோவையிலோ அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கக்கூடிய பெண்ணை, மஞ்சள் பஸ் நிற்கும் கல்லூரியில் சேர்த்துவிட்டு, "நம்ம கண் பார்வையிலேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிடலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிப் படிக்கட்டு, பேசினால் அபராதம், துப்பட்டாவுக்கு இரண்டு பின் என்றெல்லாம் சட்டதிட்டம் இருந்தால் நல்ல கல்லூரி. அவள் நாலு வருஷத்தில் தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் தூங்கித் தீர்த்த பொழுதுக்கு யாரும் கணக்கு எழுதப்போவதில்லை. இதை எழுதும்போது எனக்குக் கிண்டல் கைவரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பாலிடெக்னிக் என்ற சொல்லை வீட்டில் உச்சரிக்கக் கூடாது. மூன்று வருஷ டிப்ளமோ முடித்தவர் நேராக பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரலாம் என்பதும், கார்புரேட்டர் பிரிக்கிற பையனுக்கு அதுவே ராஜபாட்டை என்பதும் உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்திருக்கட்டும். கல்யாணப் பத்திரிகையில் டி.எம்.இ. என்று போட முடியுமா?

கலந்தாய்வு இப்போது ஆன்லைனில். 2018க்கு முன்னால் அண்ணா பல்கலைக்கழகத்துக்கே போய், பெரிய திரையில் இடங்கள் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து, பக்கத்து சீட்டுக்காரரிடம் விசாரித்து, கடைசி நிமிடத்தில் மனம் மாறுவோம். அந்தச் சுவை போய்விட்டது. இப்போது விருப்பப் பட்டியல் நிரப்ப வேண்டும். இங்கேதான் பெரியப்பாவின் அனுபவம் கைகொடுக்கும். "172க்கு அதெல்லாம் கிடைக்காது, கெடைக்கிறதை மேல போடு" என்று அதட்டுங்கள். கம்ப்யூட்டர் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் எது கிடைக்கிறதோ அதைக் கொடுத்துவிடும். கிடைக்காத கல்லூரியை மேலே போட்டதற்காக அது கோபித்துக்கொள்ளாது, கீழே இருப்பதைத் தராமலும் இருக்காது. ஆனால் கிடைக்கக்கூடிய சுமாரான கல்லூரியை முதலில் போட்டால் அதையே தந்துவிட்டு, கீழே நல்லது காத்திருந்தாலும் திரும்பிப் பார்க்காது. நீங்கள் போட வைத்தது முதல் சுற்றிலேயே கிடைத்ததும், "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று சொல்லிக்கொள்ளலாம்.

பட்டியலை யார் நிரப்புவது? தெருமுனை பிரவுசிங் சென்டரில் கொடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி. அந்தத் தம்பிக்கு எந்தக் கல்லூரியை முதலில் போட்டால் தலைக்கு எவ்வளவு கமிஷன் என்பது தெரிந்திருக்கும், அனுபவம் உள்ளவர்.

கையேடு இத்துடன் முடிகிறது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சற்றுக் கண்ணயரலாம்.

தம்பி, தங்கச்சி, இது உங்களுக்கு. விருப்பப் பட்டியலில் எத்தனை இடம் வேண்டுமானாலும் போடலாம், உச்சவரம்பு இல்லை. போன வருஷம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், உன் இனப்பிரிவுக்கு எந்தக் கட்-ஆஃப் வரை இடம் போனது என்று கலந்தாய்வு இணையதளத்திலேயே இருக்கிறது. அதையும் என்ஐஆர்எஃப் பிடிஎஃப்பையும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து படி. பிறகு வரிசையை உன் ஆசைப்படி அடுக்கு, உன் கையாலேயே லாக் செய். பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாதே. ஓடிபி அப்பா போனுக்குத்தான் வரும். பட்டியல் நிரப்புகிற நாள்களில் போனை உன்னிடமே வைத்துக்கொள்.